உங்கள் மகன் கேட்டது

கல்லாங்காட்டுத் தோட்டம்,
காங்கேயம் வழி.
3-5-1996

அன்புள்ள மாமாவுக்கு,

பத்மாவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நம் மகன் மனோஜும் சுகம். அங்கே வெயில் இங்கேயைவிடக் கடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள். உங்கள் ரிக் வண்டி இப்போது எந்த ஊரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை. அதனால் இந்தூர் ஏஜெண்ட் ஆபீஸ் முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

செவலை மாடு சித்திரை பிறந்த வாரமே ஈன்றது. காளைக்கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது. சீம்பால் காய்ச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். தெற்குப் பக்கத் தென்னையில் இரண்டு மரம் மட்டை தொங்கிவிட்டது. மழை பெய்தால்தான் அதற்கு உயிர்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் நம் கூட்டுக் கிணற்றில் குதித்துவிட்டேன். பயப்பட வேண்டாம், நீச்சலடிக்கத்தான் குதித்தேன். பொம்பளை இப்படிச் செய்யலாமா என்று உங்கள் சித்தப்பா மகன் காளிச்சாமி உங்களுக்குப் போன் போடப் போகிறாராம். அவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் என் கையால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எஸ்.டி.டி. பூத்தில் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் காது கொடுத்துக் கேட்பார்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். தை மாதம் நீங்கள் கிளம்பிப் போன பத்து நாளில் மனோஜுக்கு இரண்டு முழங்கையிலும் சிவப்பாகத் தடித்தது. மேலே வெள்ளையாகச் செதில் கட்டியது. பங்குனிக்குள் முழங்காலுக்கும் முதுகுக்கும் தலைக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்து எழுந்தால் பெஞ்சில் பொடி உதிர்ந்து கிடக்குமாம். அதைப் பார்த்துச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவன் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையில் ஒரு கந்தல் துணி இருந்தது. எதற்கடா இது என்று கேட்டேன். எழுந்திருக்கும்போது பெஞ்சைத் துடைத்துவிட்டு வருவதற்காம். பத்து வயசுக் குழந்தை, மாமா.

அடுத்த நாளே கோயமுத்தூர் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் ஒரு வயதான அம்மாள். கையுறை போடாமல் அவன் முதுகைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். இது ஒட்டாது, சாப்பாட்டாலோ அழுக்காலோ வந்ததில்லை, யார் செய்த பாவமும் இல்லை என்று அவனிடமே சொன்னார். வரும், போகும், மறுபடி வரும். இதை வைத்துக்கொண்டே படிக்கலாம், ஓடலாம், நீந்தலாம், காலை வெயில் பட்டால் நல்லது என்றும் சொன்னார். தார் வாசம் அடிக்கும் களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லைங்க என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொல்லி வைத்திருந்தது அப்படி. கல்யாணமான எட்டாம் நாள் உங்கள் முதுகை நான் பார்த்துவிட்டபோது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். பன்னிரண்டு வருஷமாக நானும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றைக்கு டாக்டர் முன்னால் மனோஜ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் பல்லடம் தாண்டுகிற வரைக்கும் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் குழந்தைகள் எல்லாம் கிணற்றில் விழுந்து கிடந்தார்கள். சுரைக்குடுக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன வருஷமே மனோஜ் நீந்தப் பழகிவிட்டது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் போன வேகத்தில் திரும்பி வந்தான். தலை நனையவில்லை. கேட்டால், நீச்சல் சலித்துப்போச்சு என்றான். நான்கு நாள் கட்டுத்தறியிலேயே கன்றுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் காளிச்சாமியின் சின்னப் பையன்தான் வந்து என்னிடம் உடைத்தான். அவன் அம்மா புவனா இவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"கண்ணு, நீ கொஞ்ச நாளைக்குக் கெணத்துல எறங்க வேண்டாஞ் சாமி. எல்லாரும் பொழங்கற தண்ணி பாரு."

திட்டியிருந்தால்கூட இவன் சண்டைக்குப் போயிருப்பான். கண்ணு, சாமி என்று கூப்பிட்டுச் சொல்லவும், சரிங்க சின்னம்மா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

நான் புவனாவிடம் போனேன். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுமையாகத்தான் பேசினேன். அவள் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். தான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்றாள். டாக்டர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள், தனக்கும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்றாள். அவள் கெட்டவள் இல்லை. பயப்படுகிறாள். ஆனால் அவள் பயம் தெளிகிற வரைக்கும் என் மகன் கட்டுத்தறியில் உட்கார்ந்திருக்க முடியாது.

மறுநாள் காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து சேலையை வரிந்து கட்டிக்கொண்டேன். மனோஜைக் கூட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். எங்கள் அப்பா தோட்டத்தில் பதிமூன்று வயசு வரைக்கும் நான் குதிக்காத நாள் இல்லை. பெரிய மனுஷியானதோடு அது நின்றது. இருபது வருஷமாகிவிட்டது, கை கால் மறந்திருக்குமோ என்று பயந்தேன். கண்ணை மூடிக் குதித்துவிட்டேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. ஆனால் கை தானாக நீந்தியது.

மேலே பார்த்தால் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் சுற்றிலும் எட்டிப் பார்க்கிறார்கள். புவனா துணி துவைக்கிற கல்லிடம் நிற்கிறாள். மனோஜ் சட்டையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். நீ வா கண்ணு."

எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. எனக்கு மூச்சு வாங்கிப் படியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவன் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்துக் கல் மேல் வைத்துவிட்டுக் குதித்தான். தண்ணீருக்கு மேலே வந்தபோது அவன் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் முழுகாமல் தப்பியதே பெரிசு.

அன்று சாயங்காலம் காளிச்சாமி வந்தார். "நங்கையா, ஊருல ஒரு மாதிரியாப் பேசறாங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காதுங்க" என்று அண்ணியிடம் பேசும் பணிவோடுதான் சொன்னார். கிணற்றில் நமக்கும் பாதிப் பங்கு இருக்கிறது, நாளைக்கும் இறங்குவோம் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் காலையில் இறங்குகிறோம். புவனா என்னோடு பேசுவதில்லை. அவள் சின்னப் பையன் ஒருநாள் எங்களோடு குதித்துவிட்டு முதுகில் இரண்டு வாங்கினான்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஆனி பிறப்பதற்கு முன் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இவன் காங்கேயம் ஹைஸ்கூலில் ஆறாம் வகுப்புச் சேர வேண்டும். யூனிபாரத்துக்கு அளவு எடுக்கும்போது முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஆறாம் வகுப்புக்கு அரைக்கால் டிரவுசர்தானே என்றேன். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாதல்லவா, மூடிக்கொண்டு போனால் கடைசி வரைக்கும் தெரியாது என்றான். ரிக் வண்டிக்குப் போகிறேன் என்று நீங்கள் முதல்முறை சொன்னபோது என்னிடம் என்ன காரணம் சொன்னீர்களோ, அதே காரணம்.

பிறகு என்னையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அப்பா எப்பவும் முழுக்கையே போட்டுக்கறாரே, ஊட்டுல குளிக்கறப்பவும் கதவச் சாத்திக்கறாரே. அவருக்கும் இருக்குதாம்மா?"

டாக்டரிடம் ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டேன். இவனிடம் இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறவும் மனசில்லை. உங்க அப்பாவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் பிள்ளைப் பிராயத்தில் உங்களோடு கிணற்றில் இறங்க ஒருத்தரும் இல்லை. அது எனக்குத் தெரியும். அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிலை நான் எழுத முடியாது. உங்கள் கையெழுத்தில், அவன் பெயர் போட்டு, தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். இல்லை என்று எழுதுவதாக இருந்தால் அனுப்ப வேண்டாம்.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பத்மாவதி


22-5-1996
இந்தூருக்குத் தெற்கே ஒரு கிராமம்

என் தங்கம் மனோஜ்குமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். நான் பத்தாவதோடு நின்றவன்.

இங்கே மண் கறுப்பு. நம் ஊரில் எட்டடியில் பாறை வரும். இங்கே நாற்பதடி போனாலும் மண்தான். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் போர் போட்டோம். உன் வயசுப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முந்நூற்றிருபது அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஊர்ப் பெரியவர்கள்கூட நனைந்துகொண்டு ஆடினார்கள்.

நீ கேட்டதாக அம்மா எழுதியிருந்தாள். ஆமாம் கண்ணு, எனக்கும் இருக்கிறது. முதுகிலும் இரண்டு கையிலும் இடுப்பிலும் இருக்கிறது. பதினைந்து வயசில் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடக் கபடி டீமில் இருந்தேன். பிடிக்கிற இடத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. ஒருநாள் எதிர் டீம் பையன் என் கையைப் பிடித்துவிட்டு, தன் கையை மண்ணில் போட்டுத் தேய்த்தான். மறுநாளிலிருந்து நான் விளையாடப் போகவில்லை. அந்த வருஷத்தோடு படிப்பையும் விட்டேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன். அப்படியே இருபத்துமூன்று வருஷம் போய்விட்டது.

உன் உடம்பில் வந்தது என்னிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்கு அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று ஆறு நாள் யோசித்தேன். நோய் என் கையில் இல்லை. ஆனால் ஒளிந்துகொண்டது நானாகச் செய்தது. நீ அதைப் பார்த்து வளர்ந்தாய். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் தெளிந்ததும் எங்கள் ஆட்கள் எல்லாம் குளித்தார்கள். எப்போதும் நான் லாரிக்குள் உட்கார்ந்துகொள்வேன். எல்லாரும் போன பிறகு பனியனோடு குளிப்பேன். அன்றைக்கு உன் அம்மா எழுதிய கடிதம் சட்டைப் பையில் இருந்தது. சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டு இறங்கிப் போனேன். தாராபுரத்து டிரைவர் ரசாக் என்னோடு ஆறு வருஷமாக வேலை செய்கிறான். அவன்தான் முதலில் பார்த்தான். என்னங்கண்ணா இது என்று கேட்டான். சொன்னேன். என் மகனுக்கும் இருக்கிறது, ஒட்டாது என்று சொன்னேன். சரிங்கண்ணா என்று சோப்பை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான்.

எல்லாரும் ரசாக் மாதிரி இல்லை. உனக்குப் பொய் எழுதக்கூடாது. ஓர் ஆள் அன்றைக்குத் தன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தான். இன்னும் தள்ளித்தான் உட்காருகிறான். ஆனால் நான் என் இடத்தை விட்டு நகரவில்லை. நீயும் நகராதே சாமி.

அம்மா சொல்கிற மருந்தை ஒழுங்காகப் போடு. கணக்குப் பாடத்தில் கவனம் வை. கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று எழுது.

நூறு வயசு நிமிர்ந்து நடக்க வேண்டும் நீ.

உன் அப்பா,
சென்னியப்பன்


கல்லாங்காட்டுத் தோட்டம்
16-6-1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் போன மாதம் முப்பதாம் தேதி வந்தது. உறையின் மேல் அவன் பெயரைப் பார்த்ததும் நான் பிரிக்கவில்லை. அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அரிசி களைந்து உலை வைத்தேன். எட்டிப் பார்த்தால், கடிதத்தைத் தரையில் விரித்து வைத்து, தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் கொண்டுவந்து, நீயும் படி என்றான். அப்பா நல்லாத்தான் எழுதறாரு, ரெண்டே ரெண்டு எடத்துலதான் பிழை என்றான்.

யூனிபாரம் அரைக்கையும் டிரவுசரும்தான் தைத்தோம். அவனாக வந்து சொன்னான். முதல் நாள் நானும் கூடப் போய் வகுப்பு டீச்சரிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். பிள்ளைகள் கிண்டல் செய்யாமல் இருக்கக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைக்கட்டுமா என்று நல்ல மனசோடுதான் கேட்டார். வேண்டாங்க டீச்சர், எல்லாரோடயும் உக்காரட்டுங்க என்றேன். இரண்டாவது பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாம் நாளே ஒரு பையன் விலகி உட்கார்ந்து, அது என்னடா கையில் என்று கேட்டிருக்கிறான். இவன் சொன்னதை அந்தப் பையனின் அம்மாவே சந்தையில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கப்பாவுக்கும் இருக்குது. ஒட்டாது. வேணும்னா தொட்டுப் பாரு."

அந்தப் பையன் தொட்டுப் பார்த்துவிட்டு, சொரசொரன்னு இருக்குது, வலிக்குமா என்று கேட்டானாம். இப்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுகிறார்கள். இன்னும் இரண்டு பேர் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். மறைக்காமல் எழுதுகிறேன். அழுது முடித்துவிட்டு மறுநாள் அதே அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

கோயமுத்தூர் டாக்டரிடம் மறுபடி போனோம். குடும்பத்தில் இருக்கிறது, நான் அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று நானே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. உங்களையும் ஒருமுறை அழைத்துவரச் சொன்னார். முழங்காலில் செதில் குறைந்திருக்கிறது, முதுகில் அப்படியே இருக்கிறது. பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

புவனா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று அவள் இரண்டு பையன்களும் நாங்கள் இருக்கும்போதே கிணற்றில் குதித்தார்கள். அவள் பார்த்தாள், கூப்பிடவில்லை. காளிச்சாமி உங்களுக்குப் போன் போட்டதாகவும், நீங்கள் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை.

கன்றுக்குட்டிக்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறான். உங்களுக்கு எழுதச் சொன்னான்.

நேற்று அவன் முதுகில் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். குப்புறப் படுத்தபடியே இவன் கேட்கிறான்: "கை எட்டாத எடத்துல அப்பாவுக்கு யாரும்மா போட்டு உடறாங்க?" பிறகு அவனே அந்தக் களிம்பில் இன்னொரு டப்பா எழுதி வாங்கி வைக்கச் சொன்னான். வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அங்கே மழை பிடித்துவிட்டால் வண்டி ஊர் திரும்பும் என்பீர்கள். இந்தூரில் மழை தொடங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். போன வருஷம் போல அங்கேயே தங்கி வண்டி ரிப்பேர் பார்க்கிறேன் என்று எழுதாதீர்கள். வந்து சேருங்கள், மாமா.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
பத்மாவதி